கல்லறைக் குழு வாங்கிய துப்பாக்கி

ஏப்ரல் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இனெஸ் ஹாகன் தட்டில் இருந்த கடைசி எலுமிச்சை கேக் துண்டை எடுத்து முழுதாகச் சாப்பிட்டார். விஷயம் பெரிது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

எங்கள் சர்ச்சில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. ஒருவர் அதைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொள்வார். மீந்த பாதியை இன்னொருவர் வெட்டுவார். கூட்டம் முடியும்போது தபால்தலை அளவுக்கு ஒன்று தட்டில் கிடக்கும். அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் நாய்க்குப் போடுவேன். இருபத்தாறு வருஷமாக நான் கல்லறைக் குழுவின் செயலாளர். இதில் ஒரு மாற்றமும் கண்டதில்லை. இனெஸ் இரண்டே வாயில் முடித்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, சேதியைச் சொன்னார்.

"கிரேட் ஃபால்ஸ் டாக்டர் அறுவடை வரைக்கும்னு சொல்லிட்டார். அதுவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். நல்ல மனுஷன்."

நாங்கள் நான்கு பேர் எதிரே உட்கார்ந்திருந்தோம். தலைவர் ஹார்லன் ஆப்சால், கோதுமை விவசாயி, இப்போது நிலத்தை மகனிடம் விட்டுவிட்டவர். அவருடைய மைத்துனர் மைலோ ஃபியெல்ட், இன்னும் யாரிடமும் எதையும் விடாதவர். மினியாபொலிஸிலிருந்து வந்து இரண்டு வருஷமான பாஸ்டர் மார்னி. அப்புறம் நான், ஆர்டிஸ் பிரெக்கே.

"பால்மருக்குப் பக்கத்துல என் இடம் இருக்கில்ல, போய்ப் பாத்தேன்," என்றார் இனெஸ். பால்மர் அவருடைய கணவர்; பக்கத்து இடம் இனெஸின் கல்லறைக்கு ஒதுக்கியது. "ஆறு பொந்து. ஆறும் என் பாதியிலதான். நான் படுக்கிற குழியை மனுஷங்க தோண்டணும், கோஃபர் தோண்டக் கூடாது. மே கடைசியில மெமோரியல் டேக்கு மக வர்றா. அதுக்குள்ள, எனக்குக் கால் இருக்கறப்பவே, அந்த மண்ணு மேல நின்னு பாத்துரணும். வேற ஒண்ணும் கேக்கலை."

கோஃபர் எப்படியிருக்கும் என்றால், மரம் ஏறத் தெரியாத அணில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரமே இல்லாத ஊரில் அது வேறு என்ன செய்யும், மண்ணைத் தோண்டுகிறது. ஒரு ஜோடி வந்தால் அடுத்த கோடையில் ஒரு கிராமம். பால்மர் ஹாகன் உயிரோடு இருந்தவரை கல்லறைத் தோட்டத்துக் கோஃபர்களை அவர்தான் பார்த்துக்கொண்டார். யாரும் அவரைக் கேட்டுக்கொண்டதில்லை. அவரும் செய்வதாகச் சொன்னதில்லை. போன அக்டோபரில் அவரைப் புதைத்தோம். ஏப்ரலில் கோஃபர்கள் அவர் மனைவியின் இடத்தில் குடியேறிவிட்டன.

ஹார்லன் தொண்டையைக் கனைத்தார். ஏதோ ஆறுதலாகச் சொல்லப் போகிறார் என்று நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"சுடறதுன்னா," என்றார், "எந்தக் காலிபர்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாகப் போகிறேன் என்று ஒரு பெண் சொல்கிறாள், இந்த மனுஷன் குழல் அளவு கேட்கிறார். ஆனால் இனெஸுக்குக் கோபம் வரவில்லை. "அது நீங்க பேசி முடிவு பண்ணுங்க," என்று கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

விஷம் வைக்கலாம் என்று பாஸ்டர் சொன்னார். அதற்குச் சான்றிதழ் வேண்டும், அதோடு சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டு நாய்கள் எதையும் தின்னும். பொறி வைப்பது ஏற்கனவே ஒருமுறை நடந்து, பொறியை யார் போய்ப் பார்ப்பது என்று முடிவாகாமல் பொறிகள் காணாமல்போயின. ஆகவே சுடுவது.

இந்த ஊரில் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. ஹார்லனிடம் ஒன்பது இருக்கிறது. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போனால் மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படிச் செய்ய முடியாது. ஹார்லன் தன் துப்பாக்கியோடு போனால், ஹார்லன் தன்னைப் பெரிய ஆள் என்று காட்டிக்கொள்கிறார் என்று ஆகும். மைலோ போய்த் தவறுதலாக ஒரு கல்லறைக் கல்லில் பட்டுவிட்டால், அந்தக் கல்லுக்குரிய குடும்பம் மூன்று தலைமுறைக்கு அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் குழுவே ஒரு துப்பாக்கி வாங்க வேண்டும். அப்போது சுடுவது குழு. தவறினாலும் தவறியது குழு. இந்த அளவுக்கு எல்லோரும் பத்து நிமிஷத்தில் ஒத்துப்போனோம். அதற்கு மேல்தான் மூன்று கூட்டங்கள் போயின.

ஹார்லன் 22-250 கட்சி. மைலோ 223 கட்சி. இரண்டும் தோட்டா அளவுகள்; முதலாவது வேகமும் சத்தமும் கூடியது. ஹார்லன் மைலோவின் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து இந்தச் சண்டை நடக்கிறது; கல்யாண விருந்திலேயே ஆரம்பித்ததாகச் சொல்வார்கள்.

"22-250 தான் சரி," என்றார் ஹார்லன். "நொடிக்கு நாலாயிரம் அடி. மண்ணைத் தொட்டதும் குண்டு பொடியாயிரும். தெறிச்சுப் போய் கல்லுல படாது. நம்ம தாத்தா பாட்டி பேரெல்லாம் அந்தக் கல்லுலதான் இருக்கு."

"அந்தச் சத்தத்துக்கு உங்க தாத்தா எந்திரிச்சு உக்காந்துருவார், மச்சான். 223 போதும். குழல் சூடாகாது. அதுலயும் எட்டு முறுக்கு வாங்கினா கனமான குண்டு போடலாம், காத்துல அலையாது. இங்க என்னைக்குக் காத்து இல்லாம இருந்திருக்கு?"

"உனக்கு எதுதான் கனமா வேணாம்? நீ கோஃபர் சுட்டு நான் பாத்ததே இல்ல. வண்டியில உக்காந்து பன்றிக்கறி சாண்ட்விச் தின்னுதான் பாத்திருக்கேன்."

"சுட்டு முடிச்சவன்தானே திம்பான்."

முறுக்கு என்பது குழலின் உள்ளே சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் வரி. வெளியே போகும் குண்டைப் பம்பரமாகச் சுழற்றி அனுப்புவது அதுதான். எட்டு அங்குலத்துக்குள் குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் எட்டு முறுக்கு, அது வேகம். பதினாலு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் பதினாலு முறுக்கு, அது நிதானம். நீளமான கனத்த குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். குட்டையான லேசான குண்டுக்கு நிதானம் போதும். இவ்வளவையும் நான் அந்த ஏப்ரலில் கற்றுக்கொண்டேன். மினிட்ஸ் நோட்டில் பதினோரு பக்கம் முறுக்கைப் பற்றியே இருக்கிறது.

பாஸ்டர் மார்னி கையைத் தூக்கிவிட்டுத்தான் பேசுவார். "பதினேழுன்னு சின்னதா ஒண்ணு இருக்காமே? சத்தமும் கம்மி, குண்டும் பொடியாயிரும்னு என் வீட்டுக்காரர் சொன்னார்."

மைலோ அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது எல்லாத்துலயும் ஒரே முறுக்குதான் பாஸ்டர்."

"நல்லதுதானே?"

"தேர்ந்தெடுக்க ஒண்ணுமே இல்லயே."

அந்தப் பதினேழுதான் சரியான விடை. எனக்குத் தெரிந்தது, அவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் சரியான விடையை ஒப்புக்கொண்டால் கூட்டம் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். இருட்டுவதற்குள் அவரவர் வண்டியில் ஏறித் தனியாக வீட்டுக்குப் போக வேண்டும். போகிற வழியெல்லாம் இனெஸைப் பற்றி நினைக்க வேண்டும். முறுக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. இது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்த பிறகு ஹார்லன் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கூட்டத்துக்கு இனெஸ் எட்டு அட்டைப் பெட்டிகளோடு வந்தார். ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா. பால்மர் அடித்தளத்தில் உட்கார்ந்து குளிர்காலம் முழுக்கக் கையாலேயே அடைத்தவை. ஒவ்வொரு பெட்டி மேலும் பென்சிலால் தேதி. சிலவற்றில் அன்றைக்கு அடித்த குளிரும் எழுதியிருந்தது. எல்லாம் 22-250.

"அவர் செஞ்சது வீணாப் போக வேண்டாம்," என்றார் இனெஸ். "அவர் குண்டாலயே அதுங்க போகட்டும்."

இதனால் ஹார்லன் கட்சி ஜெயித்ததாக ஆகிவிட்டது. ஜெயித்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஹார்லன் மிகவும் வருத்தமாகக் காணப்பட்டார். தோற்றவருக்கு ஏதாவது கொடுக்காமல் எழுந்திருப்பதும் வழக்கமில்லை. ஆகவே காலிபர் ஹார்லனுடையதாகவும், முறுக்கு மைலோவுடையதாகவும் இருக்கட்டும் என்று பேச்சு போனது. 22-250, ஆனால் எட்டு முறுக்கு. கேக்கை வெட்டுவது மாதிரிதான் வெட்டினார்கள்.

அந்தப் பேச்சு நடக்கும்போது பெட்டிகளை மேஜை மேல் அடுக்கிக்கொண்டே இனெஸ் ஒரு வாக்கியம் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "இதெல்லாம் பால்மர் பதினாலு முறுக்குக் குழலுக்காகப் பண்ணினது. குண்டு மேல செம்புத் தோல் மெலிசு. அதுக்கு மேல வேகமாச் சுத்தினா தாங்காது."

நான் கேட்டேன். பேனா கையில்தான் இருந்தது. ஆனால் அது முன்மொழிதலும் இல்லை, வழிமொழிதலும் இல்லை. ஒரு பெண் பெட்டி அடுக்கும்போது சொன்னது. மினிட்ஸில் அப்படிப்பட்டதை எழுதுவதில்லை. நான் எழுதவில்லை. ஹார்லனும் மைலோவும் அப்போது குழலின் நீளத்துக்குப் போயிருந்தார்கள். இனெஸ் இரண்டாம் முறை சொல்லவில்லை. எதையும் இரண்டாம் முறை சொல்பவரை இங்கே வாயாடி என்பார்கள்.

மூன்றாவது கூட்டத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இனெஸும் கையைத் தூக்கினார்.

துப்பாக்கி மே மாதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. கடைக்காரரே தன் தோட்டாவில் பத்து சுட்டுக் குறி சரிபார்த்துக் கொடுத்திருந்தார். நூறு கஜத்தில் பத்தும் ஒரு காசுக்குள் அடங்கியிருந்தன. அந்த அட்டையை மைலோ சர்ச் அறிவிப்புப் பலகையில், ஞாயிறு பள்ளி அட்டவணைக்குப் பக்கத்தில், குத்தி வைத்தார்.

சனிக்கிழமை காலை முதல் முறையாகப் போனோம். ஹாகன் குடும்பத்து இடம் கடைசி வரிசை. அதற்குப் பின்னால் மேட்டுச் சரிவு மட்டும்தான், அதனால் பயமில்லை. ஷெரீஃபிடமும் சொல்லியாகிவிட்டது. வேலியோரம் நூற்றிருபது கஜத்தில் ஹார்லன் படுத்தார். பால்மரின் பெட்டியில் ஒன்றைப் பிரித்தார். அங்கே இனெஸின் பாதியில் ஒரு கோஃபர் பின்னங்கால்களில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஹார்லன் சுட்டார். கோஃபர் நின்றது. இன்னொன்று சுட்டார். கோஃபர் திரும்பி மேட்டுப் பக்கம் பார்த்தது.

"காத்து," என்றார் ஹார்லன்.

மைலோ தலையாட்டினார். "ஆமா, கொஞ்சம் காத்துதான்."

பிறகு மைலோ படுத்துச் சுட்டார். மண்ணில் தூசிகூடக் கிளம்பவில்லை. "வெயில்ல கானல் ஆடுது," என்றார். மணி காலை ஏழரை. ஹார்லன் அதற்கும் தலையாட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தில் இருந்த மற்றவர்களும் ஆமாம், கோணல்தான் என்றார்கள். அன்றைக்கு முப்பது தோட்டா. கோஃபருக்கு ஒரு மயிர் உதிரவில்லை.

அடுத்த புதன், வியாழன், சனி என்று போனார்கள். ஒருநாள் காற்று மேற்கிலிருந்து, ஒருநாள் வடக்கிலிருந்து. ஒருநாள் காற்றே இல்லை. அது பழக்கமில்லாததால் தவறியது என்று மைலோ சொன்னார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். எங்கள் ஊர் ஒத்துப்போனதில் கோஃபர்களுக்குக் கொண்டாட்டம். பொந்து ஆறு ஒன்பது ஆனது. குட்டிகளும் வெளியே வர ஆரம்பித்தன.

இனெஸ் ஒவ்வொரு வாரமும் சர்ச்சுக்கு வந்தார். முதல் வாரம் படியில் ஒருமுறை நின்று ஏறினார். அடுத்த வாரம் மூன்று முறை. துப்பாக்கி எப்படியிருக்கிறது என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நாள் போய்க்கொண்டிருந்தது, நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மெமோரியல் டே திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை நாங்கள் மறுபடியும் வேலியோரம் இருந்தபோது இனெஸின் பிக்கப் வண்டி வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, பால்மரின் பழைய தூரநோக்கியைக் கதவு மேல் வைத்துப் பார்த்தார். பால்மர் சுடும்போது நாற்பத்தைந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொன்னவர் அவர்தான். சூரியன் அவருக்குப் பின்னால் தாழ்வாக இருந்தது.

ஹார்லன் சுட்டார்.

"சாம்பல்," என்றார் இனெஸ்.

ஹார்லன் அடுத்த தோட்டாவைப் போட்டார்.

"இன்னொண்ணு சுடு, ஹார்லன்."

சுட்டார்.

"முப்பது கஜம்கூடப் போகலை. வழியிலயே சாம்பலாப் பூத்துப் போயிருது. ஊதின மாதிரி. அந்தக் குழல் அதைச் சுத்திச் சுத்தியே பிச்சுப் போடுது." தூரநோக்கியை மடியில் வைத்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரியலையா?"

ஹார்லன் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். "ரெண்டாவது குண்டுலயே தெரிஞ்சுது," என்றார்.

"நீ, மைலோ?"

"எனக்கு மொத குண்டுலயே."

"அப்புறம் ஏம்ப்பா சொல்லலை?" என்று கேட்டது நான். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஹார்லன் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "முறுக்கு விஷயத்துல நான் தோத்தவன். ஓட்டெடுத்து முடிஞ்ச பிறகு போய், பாத்தியா, பதினாலுதான் சரின்னா என்ன நினைப்பாங்க?"

"நான் ஜெயிச்சவன்," என்றார் மைலோ. "நான் எப்படிச் சொல்றது?"

இரண்டு வாரம். ஒரு பெண்ணுக்கு மிச்சம் இருந்ததே பன்னிரண்டு வாரம், அதில் இரண்டு வாரத்தை இவர்கள் இருவரும் மரியாதைக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் ஏதோ கடுமையாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். பெட்டிகள் மேஜை மேல் அடுக்கப்பட்டது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"பால்மர் துப்பாக்கியை எடுத்துக் குடுங்க," என்றார் இனெஸ்.

"அதை உங்க பையன் எடுத்துட்டுப் போகலையா?" என்றார் ஹார்லன்.

இனெஸ் கட்டை விரலால் தலைக்குப் பின்னால் காட்டினார். பிக்கப்பின் பின்கண்ணாடியை ஒட்டிய தாங்கியில் துப்பாக்கி கிடந்தது. அக்டோபரிலிருந்து அங்கேதான் கிடந்திருக்கிறது. மூன்று கூட்டத்துக்கும் இனெஸ் அந்த வண்டியில்தான் வந்தார். சர்ச் வாசலில், ஹார்லனின் வண்டிக்குப் பக்கத்தில்தான் நிறுத்தினார். எந்த முறுக்கு என்று உள்ளே பேசிவிட்டு வெளியே வந்து, அந்தக் கண்ணாடியில் சாய்ந்துகொண்டு மைலோ இன்னும் அரை மணி நேரம் பேசியதை நானே பார்த்திருக்கிறேன். இங்கே எல்லா வண்டியிலும் ஒரு துப்பாக்கி இருக்கும். இருப்பதை யார் கவனிக்கிறார்கள்?

"நீங்க சொல்லியிருக்கலாமே, இனெஸ்," என்றார் மைலோ.

"நீங்க கேட்டிருக்கலாமே."

புருஷன் போன வீட்டில் புருஷனின் துப்பாக்கியைக் கேட்கக் கூடாது. கேட்காதவர்களுக்கு எடுத்து நீட்டவும் கூடாது. இரண்டு பக்கமும் அதைச் சரியாகக் கடைப்பிடித்திருந்தோம்.

ஹார்லன் அதை இறக்கிக் கொடுத்தார். யார் சுடுவது என்ற கேள்வி வந்தது. "நீ சுடு," என்றார் ஹார்லன். "சேச்சே, நீ சுடு," என்றார் மைலோ. "நீதான் தலைவர்." "உனக்குத்தான் கண்ணு நல்லாயிருக்கு." இது இப்படியே மதியம் வரை போகும் என்று தெரிந்த இனெஸ், கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். வண்டி முகப்பில் ஒரு கோதுமை மூட்டையைப் போடச் சொன்னார். மடக்கு நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்து, மூட்டை மேல் குழலை வைத்து, கன்னத்தை அதில் சாய்த்தார். மூட்டை மேல் குழல் அசையவில்லை.

சத்தம் மேட்டில் பட்டுத் திரும்பி வந்தது. பின்னங்காலில் நின்ற கோஃபர் இல்லை.

"ஒண்ணு," என்றார் மைலோ, தூரநோக்கியில்.

ஹார்லன் தோட்டாவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பெட்டியின் மேல் பென்சில் எழுத்து அழியாமல் மூலையைப் பிடித்துக்கொண்டார். பதினொன்றில் இனெஸ் நிறுத்தினார். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. "மிச்சத்தை நீ பாத்துக்க, ஆர்டிஸ்," என்று எழுந்து இடம் விட்டார். சின்ன வயதில் அப்பாவின் வயலில் கோஃபர் வாலுக்கு ஐந்து காசு வாங்கியவள் நான். உட்கார்ந்தேன். துப்பாக்கிக் கட்டை சூடாக இருந்தது. பதினாலு முறுக்கு. மத்தியானத்துக்குள் ஒன்றும் மிச்சமில்லை. ஹார்லனும் மைலோவும் மண்வெட்டி எடுத்துப் பொந்துகளை அடைத்து மிதித்தார்கள். யார் எந்தப் பொந்து என்று ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை ஸ்போக்கேனிலிருந்து மகள் வந்தாள். போருக்குப் போனவர்களின் கல்லுக்கெல்லாம் கொடி குத்தியாகிவிட்டது. இனெஸ் மகளின் கையை விட்டுவிட்டுத் தனியாக நடந்து தன் பாதியில் போய் நின்றார். கல்லில் பால்மரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் பிறந்த வருஷமும் ஒரு கோடும் ஏற்கனவே வெட்டியிருந்தது. சர்ச் ஷூவின் குதிகாலால் மண்ணை ஒருமுறை குத்திப் பார்த்தார். இன்னும் ஒருமுறை, கொஞ்சம் தள்ளி.

"பரவால்ல," என்றார்.

எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் யாரையும் பாராட்டியதில்லை. ஹார்லனுக்குக் காது சிவந்துபோனது.

இனெஸ் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி இறந்தார். கோதுமை நின்றுகொண்டிருந்தது, ஆனாலும் அடக்கத்தன்று அரை நாள் எல்லா அறுவடை இயந்திரங்களும் வயலில் நின்றன. குழியை ஹார்லனும் மைலோவும்தான் தோண்டினார்கள், இயந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியால். எழுபது வயது ஆட்கள். சுவர்கள் கோடு பிடித்த மாதிரி நேராக இருந்தன. ஒரு பொந்துகூடக் குறுக்கே வரவில்லை. பிறகு சர்ச் அடித்தளத்தில் சாப்பாடு நடந்தது. கடைசி எலுமிச்சை கேக் துண்டு தட்டில் முழுசாகக் கிடந்தது. யாரும் கத்தியை எடுக்கவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாய்க்குப் போடவில்லை. சமையலறையில் நின்றபடியே நானே தின்று, அழுது முடித்தேன்.

செப்டம்பர் கூட்டத்தில் குழுவின் துப்பாக்கியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அது சர்ச் அலமாரியில், பெரிய காபிப் பானைக்குப் பின்னால், இன்னும் இருக்கிறது. குழலை மாற்றலாமா, மாற்றினால் எந்த முறுக்கு என்று ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். ஹார்லனும் மைலோவும் அதில் உறுப்பினர்கள். அது முடிந்ததும் நான் எழுந்தேன். இருபத்தாறு வருஷத்தில் செயலாளர் எழுந்து நின்றது அதுதான் முதல் முறை.

"ஏப்ரல் மினிட்ஸ்ல ஒரு திருத்தம் பண்ணணும்," என்றேன். "இனெஸ் சொன்ன ஒண்ணை நான் எழுதாம விட்டுட்டேன்."

"முன்மொழியறேன்," என்றார் ஹார்லன், என்ன திருத்தம் என்று கேட்காமலே.

"வழிமொழியறேன்," என்றார் மைலோ.

எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். "பால்மர் ஹாகன் அடைத்த தோட்டாக்கள் நிதானமான முறுக்குள்ள குழலுக்காகச் செய்யப்பட்டவை என்றும், வேகமாகச் சுற்றினால் அவை தாங்காது என்றும் இனெஸ் ஹாகன் தெரிவித்தார்."

மைலோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நிதானமான முறுக்குன்னு அவங்க சொல்லலை," என்றார் மைலோ. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாலுன்னு சொன்னாங்க."

"பதினாலு முறுக்குக் குழல்," என்றார் ஹார்லன். "தோல் மெலிசுன்னாங்க. அப்பத்தான் பெட்டியை அடுக்கிட்டிருந்தாங்க."

நான் மட்டும்தான் கேட்டேன் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

"எழுது, ஆர்டிஸ்," என்றார் ஹார்லன். "அவங்க சொன்னபடியே எழுது."

நிதானமான என்பதை அடித்துவிட்டு, மேலே பதினாலு என்று எழுதினேன்.